எடையா, திறனா, பழக்கமா: உடற்பயிற்சிக்கு எந்த இலக்கு?

எவ்வளவு எடை குறைக்க வேண்டும் என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்வது 10 கிலோ. ஏன் எட்டு இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. முழு எண்ணாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உடற்பயிற்சிக்கு இலக்கு வைக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. எடையை வைத்து, உடம்பால் செய்ய முடிகிற ஒரு காரியத்தை வைத்து, வாரத்துக்கு இத்தனை நாள் என்று பழக்கத்தை வைத்து. மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே ஆள் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து அவருடைய அடுத்த ஆறு மாதம் வேறு மாதிரி போகும்.

எடை இலக்கை அளப்பது சுலபம். காலையில் எழுந்து மெஷின் மேல் ஏறினால் போதும். வம்பும் அங்கேயே ஆரம்பிக்கிறது. உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்த முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அதே காரணத்தால் ஒரு விருந்துக்குப் போய் வந்த மறுநாள் முள் மேலே நிற்கும். ஏழு நாள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர் அதைப் பார்த்து மனம் விட்டுப்போகிறார். கொழுப்பு குறைந்து தசை கூடினாலும் மெஷின் அசையாமல் நிற்கும். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்காக எடை இலக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டைப் 2 சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்து, எடையும் அதிகமாக இருப்பவருக்கு, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலன் தெரிய வாய்ப்பு அதிகம். மருத்துவர் சொன்ன எண் என்றால் அதற்கொரு காரணம் இருக்கிறது.

திறன் இலக்கு என்பது மூன்று மாடி மூச்சிரைக்காமல் ஏறுவது, கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுவது, 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவது போன்றது. எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்து நின்றவர், ஒரு நாள் நிற்காமலே மேலே போய்விட்டதைத் தானே கவனிப்பார். எந்த மெஷினும் சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பயிற்சி இல்லாவிட்டால் முப்பதுகளிலேயே தசை மெல்லக் கரைய ஆரம்பிக்கிறது. எழுபது வயதில் குளியலறையில் தடுமாறாமல் நடக்கக் கைகொடுப்பது அந்தத் தசைதான். ஒரே ஆபத்து, போட்டி மனப்பான்மை உள்ளவர்கள் இதில் அளவு தெரியாமல் இறங்கி முட்டியைக் கெடுத்துக்கொள்வது.

பழக்க இலக்கில் பெருமையடிக்க ஒன்றுமில்லை, ஆனால் தாக்குப்பிடிக்கும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தன்னிச்சையான பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. குறை என்னவென்றால், அதே வேகத்தில் அதே தூரத்தை வருடக்கணக்கில் நடந்து, காலண்டரில் டிக் அடித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். தினம் 10,000 காலடி என்ற கணக்கே அப்படித்தான் பரவியது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளவி அந்த எண்ணைப் பெயராகவே வைத்துக்கொண்டது, ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான்.

சரி, எதை எடுப்பது? 'யாருக்கும் தெரியப் போவதில்லை, போட்டோவும் கிடையாது, அப்போதும் இதைச் செய்வேனா?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அந்த இலக்கு அனேகமாக அடுத்தவருடையது. மனிதர்களை எது இயக்குகிறது என்று பல வருடம் ஆராய்ந்த எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், குற்றவுணர்ச்சிக்காகச் செய்வதைவிடத் தனக்கு முக்கியம் என்று நம்பிச் செய்வதே நீடிக்கும் என்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கும் நேரம்தான் பெரிது என்பவர், மாலை இரண்டு மணி நேரம் ஜிம் என்று திட்டம் போட்டால் சீக்கிரமே முறியும். அப்புறம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பார். குழந்தைகளோடு சைக்கிள் ஓட்டுவதை இலக்காக வைத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் தப்பில்லை, அதை மறைத்து 'ஆரோக்கியத்துக்காக' என்று சொல்வதுதான் குழப்பம். ஆனால் அதற்கும் எடை சரியான அளவுகோல் இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு டேப், பழைய பேன்ட் ஒன்று, இரண்டும் மெஷினைவிட நேர்மையானவை.

என்னைக் கேட்டால், போய்ச்சேர வேண்டிய இடத்துக்குத் திறன், வாரா வாரம் செய்ய வேண்டியதற்குப் பழக்கம். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, எடை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.