வி.டி.220: எழுத்துத் தொகுதிகளில் எது சரி, எங்கே சிக்கல்?

பழைய டெர்மினல் (கணினியோடு இணைத்து இயக்கும் திரையும் விசைப்பலகையும்) ஒன்றைச் சீரியல் கேபிள் வழியே லினக்ஸ் கணினியோடு இணைக்க நினைப்பவர்களுக்கு டெக் நிறுவனத்தின் வி.டி.220-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் 1983-இல் வந்த இந்தக் கருவிக்கு, இன்றைய கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக்கப் பயன்படுத்தும் யூ.டி.எஃப்-8 முறை தெரியாது. மற்ற பெரும்பாலானவற்றை அமைப்பில் சரிசெய்துவிடலாம்.

எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலே எழுத்துத் தொகுதி. அவற்றை ஏற்றி வைக்க, டெக்கின் முந்தைய டெர்மினலான 1978-இன் வி.டி.100-இல் இருந்தவை ஜி0, ஜி1 என்ற இரண்டு இடங்கள்தான். வி.டி.220-இல் ஜி2, ஜி3-உம் சேர்ந்தன. 33 முதல் 126 வரையிலான பைட்டுகள் ஒரு தொகுதியிலிருந்தும், 161 முதல் 254 வரையிலானவை இன்னொன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும். இயக்கியதுமே கீழ்ப்பாதியில் ஆஸ்கியும் (அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) மேல்பாதியில் டெக்கின் பன்னாட்டுத் தொகுதியும் இருக்கும். உச்சரிப்புக் குறியுள்ள ஐரோப்பிய எழுத்துகளுக்குத் தொகுதி மாற்றும் வேலையே இல்லை.

கட்டம் வரைய 27, 40, 48 என்ற மூன்று பைட்டுகளை அனுப்பினால் ஜி0-இல் கோட்டுருத் தொகுதி (எழுத்துகளுக்குப் பதில் கோடுகளும் மூலைகளும் கொண்டது) ஏறும். 27, 40, 66 அனுப்பினால் ஆஸ்கி திரும்பும். மாறுவது 95 முதல் 126 வரையிலான 32 இடங்கள் மட்டுமே. அதனால்தான் திரை குழம்பும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள் கோடுகளாகின்றன, பேரெழுத்துகளும் எண்களும் அப்படியே நிற்கின்றன. கணினியில் டெர்மினல் வகையை வி.டி.100 என்று கொடுத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும்: அந்த வரையறை கோட்டுருவை ஜி1-இல் வைத்து 14 என்ற பைட்டால் அங்கே தாவுகிறது. பைனரி கோப்பைத் தவறுதலாகத் திரையில் கொட்டினால் அதில் கிடக்கும் ஒரு 14 போதும். 15-ஐ அனுப்புங்கள், மசியாவிட்டால் 27, 99 முழு ரீசெட் செய்யும். வகையை வி.டி.220 என்றே வைத்தால் கோடு வரைய 14-ஐப் பயன்படுத்தாது.

இணைப்பு 8 பிட், பாரிட்டி (பிழை சோதிக்கும் கூடுதல் பிட்) இல்லை என்று இருக்க வேண்டும். வழியில் எங்காவது எட்டாவது பிட் வெட்டப்பட்டால் 233 (é) 105 ஆகி வெறும் ஆங்கில i எழுத்தாக வந்து நிற்கும். பன்னாட்டுத் தொகுதி, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான தரத் தொகுதியான ஐ.எஸ்.ஓ. 8859-1-க்கு மிக நெருக்கம், ஆனால் அதுவே அல்ல: 215-இல் பெருக்கல் குறிக்குப் பதில் Œ, 247-இல் வகுத்தல் குறிக்குப் பதில் œ வரும். ஐ.எஸ்.ஓ. தொகுதியே வேண்டும் என்றால் 1987-இன் வி.டி.320-ஐத் தேடுங்கள்.

யூ.டி.எஃப்-8 உரையை நேரடியாக அனுப்பினால் சிக்கல் கடுமையாகும். 128 முதல் 159 வரையிலான பைட்டுகள் இதற்குக் கட்டுப்பாட்டுக் குறிகள். தமிழ் 'ஐ' 224, 174, 144 என்று போகும். 144 ஒரு கட்டளைச் சரத்தின் தொடக்கம் என்பதால் பின்னால் வரும் எழுத்துகளை டெர்மினல் விழுங்கத் தொடங்கும். அதே சரத்தை முறையாக முடிக்கும் 156, 'ஜ'-வின் கடைசி பைட்! லினக்ஸின் 'ஸ்கிரீன்' (screen) என்ற நிரலை நடுவில் வைத்து குறியாக்கத்தை மாற்றுவதே நல்ல வழி.

இந்தக் கருவியின் உண்மையான அருமை, நாமே வடிவமைத்து ஏற்றக்கூடிய 94 எழுத்துகள். ஒவ்வொன்றும் 7 புள்ளி அகலம், 10 புள்ளி உயரம். ஒரு பைட் ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு செங்குத்துத் துண்டு. புள்ளிகளின் மதிப்போடு 63-ஐக் கூட்டி அனுப்ப வேண்டும். மேலே 7 பைட், ஒரு சாய்கோடு, கீழே 7 பைட், பிரிக்க அரைப்புள்ளி: எழுத்துக்கு 16 பைட். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் 94-உம் ஏற இரண்டு வினாடிகூட ஆகாது. தமிழுக்குக் கணக்கு போட்டால் உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர, உகர, ஊகார வரிசைகள் 54, துணைக்குறிகள் 6, ஆக 91. கிரந்தத்துக்கு இடமில்லை. ண, ஞ போன்றவை 7 புள்ளிக்குள் நெரிசலாகத்தான் வரும். அவற்றுக்குத் திரையில் இரண்டு எழுத்து அளவு இடம் கொடுத்தால் 94 போதாது. மின்சாரத்தை அணைத்தால் ஏற்றியவை அழிந்துவிடும், ஆகவே ஏற்றும் கட்டளையை லாகின் ஸ்கிரிப்டிலேயே போட்டுவிடுங்கள்.