ஒரே கார், நான்கு வித ரப்பர்: தினசரி ஓட்டத்துக்கு எந்த பெர்ஃபாமன்ஸ் டயர்?

காரோடு வந்த டயர்கள் தேய்ந்துவிட்டன. டிரெட்டின், அதாவது சாலையைத் தொடும் ரப்பர்ப் பரப்பின், வாய்க்கால்களுக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடுகள், அதாவது 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டும் குறிகள், மேல்பரப்போடு சமமாகப் போகின்றன. அதே டயரையே மறுபடி வாங்கி மாட்டலாம். ஆனால் வண்டி ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு இந்த நேரத்தில்தான் "இந்தத் தடவை நல்ல கிரிப் உள்ளதாகப் போடலாமே" என்ற எண்ணம் வரும். நல்ல எண்ணம்தான். ஒரு சாதாரண காருக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது என்று நான் நம்புகிறேன். எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் பிரேக் எவ்வளவு பிடித்தாலும், எல்லாம் சாலைக்குப் போய்ச் சேருவது உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள் வழியாகத்தான்.

போட்டியில் நான்கு வகைகளை நிறுத்துகிறேன். முதலாவது, மிஷலின் பிரைமஸி போன்ற டூரிங் டயர், அதாவது சொகுசான அன்றாட ஓட்டத்துக்கானது. இரண்டாவது, பெர்ஃபாமன்ஸ் ஆல் சீசன். கான்டினென்டலின் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ், மிஷலினின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 இரண்டும் இந்த ரகம். மூன்றாவது, கோடைக்கால பெர்ஃபாமன்ஸ் டயர். பைலட் ஸ்போர்ட் 4எஸ், எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 போன்றவை. நான்காவது, பந்தயத் தடத்துக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும் "200 டிரெட்வேர்" ரகம். டிரெட்வேர் என்பது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதற்கான எண்; குறைந்தால் வேகமாகத் தேயும். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09.

இவற்றை நான் அளக்கும் கோல் ஒன்றுதான்: ஈரச் சாலையில் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது? காய்ந்த சாலையில் இன்றைய நல்ல டயர் எதுவும் அன்றாட ஓட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பிடிக்கும். வித்தியாசம் உயிரைத் தொடுவது மழையில்.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு கார்கள் ஈரச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகின்றன. ஒன்றின் டயர் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது; மற்றதன் டயர் 6 மீட்டர் வீதம். முதல் கார் ஏறத்தாழ 35 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவதற்கு 41 மீட்டர் வேண்டும். ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 30 கிலோமீட்டர். முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம் இருந்தால், அந்த வேகத்தோடுதான் அதில் போய் மோதும். பிரேக் பிடிக்கும்போது வேகம் ஒரே சீராகக் குறைந்தாலும், கடைசி சில மீட்டர்களில்தான் வேகத்தின் கணிசமான பகுதி கரைகிறது. டயர் வாங்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால் மற்றவை தானாக வரிசைக்கு வந்துவிடும்.

நான்காவது ரகத்தை முதலில் வெளியே அனுப்பிவிடலாம். அந்த 200 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதிலேயே விடை இருக்கிறது. அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் (கூம்புகளுக்கு இடையே நேரம் குறித்து ஓட்டுவது), சாலைக் கார்களுக்கான பிரிவில் டயரின் டிரெட்வேர் எண் 200க்குக் குறையக்கூடாது. எனவே விதி அனுமதிக்கும் எல்லை வரை மிருதுவான ரப்பரில் டயர் செய்து அதன் மேல் 200 என்று அச்சிடுகிறார்கள். போட்டிக்கு அது அருமையான டயர். ஆனால் அந்த ரப்பர் சூடேறிய பிறகுதான் முழுப் பிடியையும் காட்டும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சந்திப்பில் பிரேக் அடிக்கும் ஆளுக்கு அந்தச் சூடு கிடைக்காது. தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்களும் இதில் குறைவு. சாலையில் தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் அதனால் சீக்கிரம் வந்துவிடுகிறது. சத்தமும் தேய்மானமும் தனி. வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவர் இதை இரண்டாவது செட் ரிம்மில் வைத்துக்கொள்வதே சரி.

இனி டூரிங் டயர். இதை யாரும் ஏளனமாகப் பேச வேண்டாம். சத்தம் குறைவு, உருளும்போது இழக்கும் ஆற்றல் குறைவு, ஆயுள் அதிகம். ஐரோப்பிய லேபிளில் ஈரப்பிடிக்கு 'ஏ' வாங்கிய டூரிங் டயர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று மழையில் நேர்கோட்டில் நன்றாகவே நிற்கும். ஆனால் அந்த லேபிள் சோதனை மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 வரை பிரேக் பிடிப்பதை மட்டுமே அளக்கிறது. வளைவில் பக்கவாட்டுப் பிடி எப்படி, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரம் எவ்வளவு விரைவாகக் கீழ்ப்படிகிறது, தேங்கிய தண்ணீரில் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த 'ஏ' எழுத்துக்குள் அடங்காது. டூரிங் டயரின் சைடுவால், அதாவது பக்கச்சுவர், மிருதுவானது. ஸ்டியரிங் திருப்பினால் முதலில் சைடுவால் வளையும், அதன் பிறகே கார் திரும்பும். அந்த ஒரு நொடித் துளித் தாமதம் உங்களை உறுத்தவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். என்னை உறுத்துகிறது.

ஆக, உண்மையான போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

"ஆல் சீசன்" என்ற பெயர் எல்லாவற்றிலும் சிறந்தது என்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது ஒரு சமரசம். ரப்பர் குளிரக் குளிர இறுகும். கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. உறைநிலைக் குளிரில் ஓட்டினால் டிரெட்டில் விரிசல்கூட விழலாம். ஆல் சீசன் ரப்பரை அந்தக் குளிரிலும் வளையும்படி கலக்கிறார்கள். பனியைக் கவ்வ டிரெட் கட்டிகளில் மெல்லிய கீறல்களை நிறைய வெட்டுகிறார்கள். அதற்கு விலை உண்டு. கீறல் கூடக் கூட டிரெட் கட்டி தளர்ந்து, வெயிலில் வேகமாகத் திரும்பும்போது நெளிகிறது. ஸ்டியரிங்கில் கூர்மை மங்குவது அதனால்தான்.

கோடைக்கால டயர் அந்தக் குளிர்காலச் சுமையைச் சுமக்கவில்லை. எனவே வெதுவெதுப்பான சாலையில், காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும், அதன் கையே ஓங்கும். "கோடைக்காலம்" என்ற சொல்லைக் கேட்டு மழைக்கு ஆகாது என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேர் எதிர். பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரை எடுத்துக்கொள்ளுங்கள்: டிரெட்டின் வெளிப்பாதிக்கு ஒரு கலவை, உட்பாதிக்கு வேறொரு கலவை. வளைவில் பாரம் ஏறும் வெளிப்பக்கம் காய்ந்த சாலைக்கு. சிலிக்கா கலந்த உட்பக்கம் ஈரத்துக்கு. சிலிக்காவின் சிறப்பு, டயர் சாதாரணமாக உருளும்போது ஆற்றலை அதிகம் விழுங்காமல், சறுக்கும் தருணத்தில் மட்டும் ரப்பரை நன்றாகப் பிடிக்க வைப்பது. 1992இல் மிஷலின் அதைச் சாலை டயர்களுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, ஈரப்பிடியும் எரிபொருள் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய நிலை மாறியது.

ஆயுளில் ஆல் சீசன் ஜெயிக்கிறது. டிரெட்வேர் எண், டிடபிள்யூஎஸ்06 பிளஸுக்கு 560, பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4க்கு 540. எதிரணியில் ஸ்போர்ட் 02க்கு 340, 4எஸ்ஸுக்கு 300. ஆனால் இந்த எண்களை ஒரு கம்பெனிக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். சோதனை ஓட்டம் சுமார் 11,500 கிலோமீட்டர்தான். அதில் கண்ட தேய்மானத்தை வைத்து எண்ணை அறிவிப்பது தயாரிப்பாளரே. கான்டினென்டலின் 340க்கும் மிஷலினின் 300க்கும் நடுவே உள்ள 40ஐ வைத்து ஆயுளைக் கணக்கிட முடியாது. 560க்கும் 340க்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரே கம்பெனி என்பதால், நம்பத் தகுந்தது.

டிடபிள்யூஎஸ்06 பிளஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டிரெட்டிலேயே டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் வார்த்திருக்கிறார்கள். எஸ் மறைந்தால் பனிக்கு ஆகாது; டபிள்யூ மறைந்தால் ஈரத்துக்கும் ஆகாது; மிஞ்சுவது காய்ந்த சாலை. டயரின் எஞ்சிய திறமையை எந்தக் கருவியும் இல்லாமல் குனிந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எல்லா டயரிலும் இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு. அதே சமயம், பனி கொட்டும் ஊரில் இருப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்று சிகரமும் பனிச்சீவலும் உள்ள சின்னம் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4இல் உண்டு, டிடபிள்யூஎஸ்06 பிளஸில் இருப்பது எம்+எஸ் (சேறும் பனியும்) குறி மட்டும். முதலாவது, பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய பிறகு கிடைப்பது. இரண்டாவதற்கு அப்படி ஒரு தேர்வு கட்டாயமில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஆண்டு முழுக்க 7 டிகிரிக்கு மேலேயே இருக்கும் இடத்தில் ஆல் சீசன் வாங்குவது, வராத பனிக்காகத் தினமும் பிடியை விட்டுக்கொடுப்பது. அங்கே கோடைக்கால பெர்ஃபாமன்ஸ் டயர்தான். குளிர்காலம் லேசாக வந்துபோகும், ஆனால் இரண்டு செட் வைத்து மாற்ற இடமோ மனமோ இல்லை என்றால் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4. கடும் பனி என்றால் கோடைக்கு ஒரு செட், குளிருக்குத் தனியாக ஒரு செட். அந்த இடத்தில் சமரசத்துக்கு நான் உடன்படமாட்டேன்.

ரகத்தைத் தேர்ந்தவுடன் அடுத்த ஆசை, பெரிய ரிம். டயர் அளவில் முதல் எண் அகலம் (மில்லிமீட்டரில்), இரண்டாவது சைடுவால் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம் விட்டம் (இன்ச்சில்). 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634. ஸ்பீடோமீட்டர் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே, எனவே பொருந்தும். 225/40 ஆர்18இல் 637. அதுவும் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் சைடுவால் உயரம் 113இலிருந்து 101, அடுத்து 90 மில்லிமீட்டர் என்று இறங்கிக்கொண்டே வருகிறது. 18க்குப் போன மூன்றாம் மாதம், மழைநீர் மூடிய ஒரு குழியில் என் முன்சக்கரம் இறங்கியது. ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே சைடுவால் நசுங்கி, உள்ளே இழைகள் அறுந்து, மறுநாள் காலை பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது. டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அதற்குப் பிறகு 17ஐத் தாண்டவில்லை. 16 இன்ச்சிலேயே நல்ல டயர் கிடைத்தால் அதுவும் எனக்குச் சம்மதமே: அகலமான சாதாரண டயரைவிட, பழைய அளவிலேயே உள்ள நல்ல ரப்பர் மேல்.

அளவை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பார எண் குறையக்கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670. வேகக் குறியில் வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனாலும் அந்தக் குறி டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. தயாரான தேதி சைடுவாலில் டாட் (DOT) குறியின் கடைசி நான்கு எண்களில் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

பணம் இரண்டு டயருக்கு மட்டும்தான் என்றால், முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டு மீட்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும், பெரும்பாலானோரால் அதைப் பிடிக்க முடியாது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு தேயும் வரை, புது டயரிடம் முழுப் பிடியை எதிர்பார்க்க வேண்டாம். வண்டியை எடுக்கும் முன் நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்து பாருங்கள்: 'அவுட்சைட்' என்று பொறித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். இரண்டு கலவை உள்ள டயர் திரும்பி மாட்டப்பட்டிருந்தால், வளைவில் பாரம் ஏறும் இடத்தில் ஈரத்துக்கான ரப்பர் நிற்கும்.