இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: சின்னத் தொட்டிக்கு இதுவே போதும்
இரண்டடி மீன்தொட்டியில், அதாவது 50–60 லிட்டரில், கப்பி, டெட்ரா போன்ற சின்ன மீன்களை வளர்ப்பவர்கள் வேறெதையும் தேட வேண்டாம். தண்ணீரைச் சுத்தமாக்க, ஏர் பம்ப்பில் ஓடும், இரண்டு ஸ்பாஞ்ச் கொண்ட ஃபில்டர் போதும். குஞ்சுகளை உறிஞ்சாது. தங்கமீனுக்கு மட்டும் இது தனியாகப் பற்றாது; அதன் கழிவு அதிகம்.

வாங்கும்போது துளைகளைப் பாருங்கள். ரொம்ப நுண்ணியது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். புது ஸ்பாஞ்ச் மிதக்கும். தண்ணீருக்குள்ளேயே பலமுறை பிழிந்து காற்றை வெளியேற்றினால் அமரும்.

மாட்டிய அன்றே மீன் விட்டுத்தான் பலரும் கெடுக்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள்; அது அழுகி அம்மோனியா தரும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் 0-க்கு இறங்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்ச் அழுக்கைப் புதுத் தொட்டியில் பிழிந்துவிட்டால் நாள் குறையும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இந்த முறை ஒரு ஸ்பாஞ்சை அலசுங்கள், இரண்டு வாரம் கழித்து மற்றதை. ‘மாசாமாசம் புதுசு மாத்துங்க’ என்று கடையில் சொன்னால் அது வியாபாரம். கிழியும்வரை உழைக்கும்.

குறைகள் உண்டு: பம்ப்பின் உறுமல், மூலையில் கறுப்பாய் நிற்கும் அழகின்மை. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கட்டாயம். இல்லையேல் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய்வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும்.