கிராமப்புறக் காவல் நிலையத்துக்கு எந்த இணைப்பு? ஃபைபர், சிம் ரவுட்டர், டிஷ்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் கிராமப்புற ஸ்டேஷன்களுக்கும் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நாட்டின் காவல் நிலையங்களை எல்லாம் ஒரே வலையில் கோக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2009-ல். இன்றைக்கு எஃப்.ஐ.ஆர். அதில்தான் பதிவாகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை சர்வரோடு சேர்க்கும் இணைப்பு அறுந்தால், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் பழையபடி பேனாவை எடுக்க வேண்டியதுதான். எங்கள் மாவட்டத்தில் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் ஸ்டேஷன்களுக்கு எந்த இணைப்பைப் போடுவது என்று முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். தரைவழி ஃபைபர், இரண்டு சிம் போடும் 4ஜி ரவுட்டர், செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் வி-சாட் டிஷ் ஆகிய மூன்றையும் பார்த்தோம். சிம் ரவுட்டரை எடுத்தோம். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதை இவ்வளவு யோசிக்க வேண்டியிருப்பதற்குச் சட்டமே காரணம். பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அதன் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்துத் தாமதமில்லாமல் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. ஆக, 'நெட் இல்லை' என்று ரைட்டர் சொல்லும்போது, எதிரே நிற்கும் புகார்தாரரின் உரிமைதான் அங்கே தள்ளிப்போகிறது.

வேகம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஃபைபர் முந்தும், டிஷ் பிந்தும். எஃப்.ஐ.ஆர். படிவம் பெரும்பாலும் வெறும் எழுத்து. சுமாரான 4ஜி சிக்னலே அதற்குத் தாராளம். சி.சி.டி.வி.க்கு நிறைய வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். 2020 டிசம்பரில், ஸ்டேஷன்களில் சி.சி.டி.வி. வைப்பது பற்றிய பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது, பதிவுகளை 18 மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டு, பாதுகாத்து வைப்பதை. அதற்கு ஸ்டேஷனிலேயே போதுமான ஹார்டு டிஸ்க் வேண்டும். லைன் வேகம் அதற்குத் தேவையில்லை. கரண்டோ இணையமோ இல்லாத இடத்தில், சூரிய மின்சாரத்தையோ காற்றாலையையோ வைத்தாவது அதை ஏற்படுத்தித் தருவது மாநிலத்தின் கடமை என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

டிஷ்ஷைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் போய்ப் பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். நிறையக் கட்டங்கள் உள்ள படிவத்தில் அந்த அரை நொடிகள் சேர்ந்து நிமிடங்களாகின்றன. நல்ல மழையில் சிக்னல் படுத்துவிடும், காற்றில் டிஷ் அரை விரல் திரும்பினாலும் ஆள் வர வேண்டும். டவரே எட்டாத மலை ஸ்டேஷனுக்கு மட்டும் அதைச் சொல்வேன். மலைப்பகுதியில் நான் வேலை பார்த்தது குறைவு என்பதால், அங்கே இருப்பவர்களின் அனுபவத்துக்கு என் பேச்சைவிட அதிக மதிப்புக் கொடுங்கள்.

உண்மையான போட்டி ஃபைபருக்கும் சிம்முக்கும்தான். அதை முடிவுசெய்தது ஒரே ஒரு கேள்வி: நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வது?

ஓர் உதாரணம். சாலை அகலப்படுத்தும் வேலையில் ஜே.சி.பி. ஃபைபரை இழுத்துவிட்டது. ஃபைபர் கம்பெனியிடம் சொன்னதும் புகார் எண் உடனே கிடைத்துவிட்டது. ஆனால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு கருவியோடு ஆள் வர வேண்டும், ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் மெஷின் வர வேண்டும், அதுவரை ஒப்பந்தக்காரர் குழியை மூடாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே நாளில் கூடிவருவது அபூர்வம். அன்று சாயங்காலம் செயினைப் பறிகொடுத்த ஓர் அம்மா வந்தார். ரைட்டர் புகாரை அடித்து பென் டிரைவில் போட்டு, ஒரு காவலரை பைக்கில் பக்கத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அந்த அம்மா எஃப்.ஐ.ஆர். நகலுக்காக ராத்திரி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகலை இலவசமாக, உடனே கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது அவர் அப்படிக் காத்திருந்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சிம் ரவுட்டரில் கெடக்கூடியவை நாலைந்துதான். அடாப்டர் போகும், ஆன்டெனா வயர் கழன்றுகொள்ளும், ஒரு சிம் செத்துப்போகும். இதில் எதற்கும் வெளியாள் வேண்டாம். ஒரு சிம் போனால் ரவுட்டர் தானே மற்றதுக்கு மாறிக்கொள்ளும். பெட்டியே எரிந்துபோனாலும், செட்டிங் ஏற்றிய இன்னொரு பெட்டி மாவட்ட அலுவலக அலமாரியில் இருந்தால், தபால் கொண்டுவரும் காவலரே எடுத்துப் போய் மாட்டிவிடுவார். கம்ப்யூட்டர் படிக்காத பாரா காவலர் ஒருவர், எந்த விளக்கு பச்சையாக எரிய வேண்டும் என்று ஒரே தடவை சொல்லிக்கொடுத்ததை வைத்துத் தானே சரிபார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் பிற்பகல் தாண்டித்தான் வரும். டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கும் சின்ன யு.பி.எஸ். கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. ரவுட்டர் குடிப்பது பத்து வாட்டுக்குள், யு.பி.எஸ்ஸுக்குள் இருக்குமே, அதே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியை நேராக அதற்குக் கொடுத்தால் நாலைந்து மணி நேரம் ஓடும். கூட ஒரு லேப்டாப் இருந்தால் எஃப்.ஐ.ஆர். நிற்காது. ஃபைபர் மோடத்தையும் பேட்டரியில் ஓட்டலாம், மறுக்கவில்லை. ஆனால் மறுமுனையில் இருக்கும் கருவிக்கும் கரண்ட் வேண்டுமே! பாரத்நெட் திட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது நல்ல வேலைதான். என்றாலும் அது போய் முடியும் இடம் ஊராட்சிக் கட்டடம். அங்கிருந்து ஸ்டேஷன் வரைக்குமான கடைசித் துண்டை யார் போடுவது, யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் வேலை தொங்கி நிற்கும்.

சிம்முக்கும் குறைகள் உண்டு. சாயங்காலம் ஊரே போனில் வீடியோ பார்க்கும் நேரத்தில் வேகம் விழும். சோதனை வீடியோவை மேலே ஏற்றும்போது அது நன்றாகவே தெரியும். இந்த ஒரு வேலைக்கு ஃபைபர் எவ்வளவோ மேல். டவருக்கும் பேட்டரி தீரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் கரண்டும் போய் டவரும் போய்ப் பல நாள் திண்டாடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஃபைபரும் கைகொடுக்காது. வயர்லெஸ் செட்தான் துணை. அதனால் தாலுகா தலைமையிட ஸ்டேஷன் போல ஃபைபர் வாசலிலேயே கிடைக்கும் இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு, சிம்மை மாற்றாக வையுங்கள். மற்ற இடங்களில் சிம் முதலில்.

பாதுகாப்பு பற்றிய பயம் நியாயமானது. பொது நெட்வொர்க்கில் போகிறதே என்பார்கள். ரவுட்டரிலிருந்து தலைமையகம் வரை வி.பி.என்., அதாவது தகவலைப் பூட்டிக் கொண்டுபோகும் தனி வழி, கட்டாயம். சிம்மையும் காவல்துறைக்கென்று தனி ஏ.பி.என்.னில், அதாவது துறையின் வலைக்கு மட்டும் போகும் இணைப்பில், வாங்கிவிட்டால், அதைக் கழற்றிச் சொந்த போனில் போட்டாலும் வெளி இணையம் கிடைக்காது. சொல்லப்போனால், லைன் அறுந்த ஸ்டேஷனில் காவலர்கள் தங்கள் சொந்த ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வேலையை ஓட்டுவார்களே, அதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம். இரண்டு சிம்மும் இரண்டு கம்பெனியாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு டவராகவும் இருக்க வேண்டும். பல ஊர்களில் ஒரே கோபுரத்தில்தான் இரண்டு கம்பெனியும் தொங்குகின்றன. அது சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். மொட்டை மாடியில் ஏறி, ஆன்டெனாவைத் திசை திசையாகத் திருப்பி, எந்தக் கம்பெனி சிக்னல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டே சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், சிம் பில் மாவட்ட அலுவலகக் கணக்கில் போஸ்ட்பெய்டாக இருக்கட்டும். ரீசார்ஜ் பொறுப்பை ஸ்டேஷனிடம் விட்டால் மாசக் கடைசியில் ஏதோ ஓர் எஸ்.எஸ்.ஐ. தன் கையிலிருந்து போட வேண்டிவரும், அவர் மாறுதலாகிப் போன மாதத்தில் இணைப்பு நின்றுவிடும்.