கிரேக்க ராணுவ ஆட்சி விழுந்தது மாணவர்களாலா, சைப்ரஸாலா?

1967 மே மாதம் தேர்தல் நடக்க வேண்டியது. அதற்கு முன்பே, ஏப்ரல் 21 விடியற்காலையில், ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகளை இறக்கி ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள் கர்னல்கள். பிடித்த கதையில் பெரிய தகராறு இல்லை, விழுந்த கதையைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மாணவர்கள்தான் வீழ்த்தினார்கள் என்பது ஒரு கட்சி. 1973 நவம்பர் 14 முதல் ஏதென்ஸ் பாலிடெக்னிக் கல்லூரி வளாகத்தில் அடைந்துகொண்ட மாணவர்கள், ஆய்வுக்கூடத்தில் கிடைத்த கருவிகளை வைத்தே ஒரு வானொலி நிலையத்தை ஒப்பேற்றி, "இங்கே பாலிடெக்னிக்" என்று ஊருக்கே பேசினார்கள். 17ஆம் தேதி அதிகாலை மூன்று மணிவாக்கில் டாங்கி இரும்புக் கதவை இடித்துச் சாய்த்தது. கதவில் அப்போதும் மாணவர்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள், வானொலியில் ஒரு குரல் தேசிய கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் குறைந்தது 24 பேர் செத்தார்கள்.

ஆனால் ஆட்சி விழவில்லை. நவம்பர் 25ஆம் தேதி, கர்னல்களின் தலைவராக இருந்த பாபடோபுலோஸை இறக்கிவிட்டு, ராணுவப் போலீஸை ஆட்டிவைத்த இயோன்னிடிஸ் வந்தார், இன்னும் கொடுமையான ஆள்.

சைப்ரஸ்தான் வீழ்த்தியது என்பவர்கள் இங்கேதான் பிடிக்கிறார்கள். 1974 ஜூலை 15 அன்று இயோன்னிடிஸ் ஆட்கள், கிரேக்கரும் துருக்கியரும் வாழும் தீவான சைப்ரஸில் அதன் குடியரசுத் தலைவர் மகாரியோஸைக் கவிழ்த்தார்கள், ஐந்தே நாளில் துருக்கிப் படை வந்து இறங்கியது. போருக்கு ஆள் திரட்டியதில் ஒரே குழப்பம். நாட்டைக் காக்கவே ஆள்வதாகச் சொன்னவர்களுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. 23ஆம் தேதி ஆட்சியைக் கைகழுவினார்கள், மறுநாள் அதிகாலை பாரிஸிலிருந்து முன்னாள் பிரதமர் கரமன்லிஸ் வந்து மறுபடி பிரதமராகப் பதவியேற்றார்.

சரி, எது? கடைசி அடி சைப்ரஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1973 இலையுதிர் காலத்தில் பாபடோபுலோஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள்: மார்கெசினிஸ் என்ற அரசியல்வாதியைப் பிரதமராக்கி, தேர்தல் வரும் என்று சொல்லி, குடியரசுத் தலைவர் நாற்காலியில் தான் மட்டும் கெட்டியாக உட்கார்ந்துகொள்ள வழி பார்த்தார். அது பலித்திருந்தால் சீருடையைக் கழற்றிய அதே ஆட்சிதான் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். அந்த வழியை அடைத்தவர்கள் மாணவர்கள். ஆட்சி விழுந்த பிறகு, 1974இல், முதன்முதலாகச் சுதந்திரத் தேர்தல் நடந்த நாளும் நவம்பர் 17தான்.

மாணவர்களை மட்டும் கொண்டாடுகிறவர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஏதென்ஸுக்கு ஜனநாயகம் திரும்பிய அதே கோடையில் சைப்ரஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலம் துருக்கிப் படையின் கைக்குப் போனது. தீவு இன்னும் இரண்டாகத்தான் கிடக்கிறது.