தவறி விழுந்த இரண்டு பூனைகள்

பூனையாகவே விளையாடும் வீடியோ கேம் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ‘ஸ்ட்ரே’. பிரான்சின் மோன்பெலியே நகரத்து புளூட்வெல்வ் ஸ்டுடியோ உருவாக்கியது, 2022 ஜூலையில் வெளியானது. 2024 மே மாதம் ‘லிட்டில் கிட்டி, பிக் சிட்டி’ வந்தது. வால்வ் நிறுவனத்தில் வேலை பார்த்த மேட் வுட் தொடங்கிய டபுள் டேகர் ஸ்டுடியோவின் முதல் கேம். இரண்டிலும் கதை முடிச்சு ஒன்றேதான்: பூனை மேலேயிருந்து தவறி விழுகிறது, திரும்ப மேலே போக வேண்டும். ஒரு சனி, ஞாயிறில் இரண்டில் எதையும் முடித்துவிடலாம்.

‘ஸ்ட்ரே’யில் செம்பட்டைப் பூனை விழுவது ஒரு பாதாள நகரத்தில். ஹாங்காங்கில் 1990களில் இடிக்கப்பட்ட கவுலூன் கோட்டைக் குடியிருப்பைப் பார்த்து வரைந்த நெருக்கடியான சந்துகள், நியான் விளக்குகள். மனிதர் யாரும் இல்லை, ரோபோக்கள்தான். பூனை பேசாது, பி-12 என்ற குட்டி ட்ரோன் மொழிபெயர்க்கும். அந்த ட்ரோனைச் சுமக்க முதுகில் பையை மாட்டியதும் பூனை அப்படியே தரையில் சாய்ந்துவிடும். பூனைக்குச் சட்டை போட்டுப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். கதவைப் பிறாண்ட, மியாவ் என்று கத்த, சில இடங்களில் சுருண்டு தூங்க எல்லாவற்றுக்கும் பட்டன் உண்டு. தூங்கும்போது கேமரா மெல்லப் பின்னால் நகரும். எழுப்பவே மனசு வராது.

ஆனால் தாவுவது நம் கையில் இல்லை. எங்கே தாவலாம் என்று கேம் காட்டும், அங்கே மட்டும்தான். ஆரம்பத்தில் ஒருமுறை விழுந்த பூனை, அதன்பின் நீங்களே நினைத்தாலும் கால் தவறாது. பார்க்க அழகு, விளையாட்டாகக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. பூச்சி மாதிரி மொய்க்கும் ஜர்க் கூட்டத்தைச் சுட்டுத்தள்ளும் பகுதியும் எனக்கு ஒட்டவில்லை. பூனைக்கு எதற்கு ஆயுதம்?

‘லிட்டில் கிட்டி’ நேர் எதிர். ஜப்பானிய ஊர் ஒன்றின் அடுக்குமாடி ஜன்னலில் தூங்கிய கறுப்புப் பூனை கீழே விழுகிறது. பார்க்கக் கார்ட்டூன் மாதிரிதான், ஆனால் தாவும் தூரத்தை நாமே குறிபார்க்கலாம், தப்பினால் விழலாம். தேங்கிய தண்ணீரில் கால் வைக்க மறுக்கும். மேலே ஏறத் தெம்பு வேண்டும், அதற்கு மீன் வேண்டும். வழியில் காக்கை பளபளப்பான சாமான் கேட்கும், வாத்து தொலைந்த குஞ்சுகளைத் தேடச் சொல்லும். நடுவில் பூந்தொட்டியைத் தள்ளிவிடலாம், நடப்பவர் காலில் குறுக்கே போய் விழவைக்கலாம், விதவிதமான தொப்பி மாட்டலாம். வீட்டுக்குப் போகும் அவசரம் பூனைக்கும் இல்லை, நமக்கும் இல்லை. விலங்குகள் பேசுகின்றன, கிண்டலும் உண்டு; கதை என்று பெரிதாக எதுவும் இல்லை.

அந்தப் பாதாள நகரத்தில் மனிதர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விதான் ‘ஸ்ட்ரே’யை இழுத்துச் செல்கிறது. பதில் கிடைக்கும்போது மனசு கனக்கும், ஆனால் அது பூனையின் கதை அல்ல. பூனை அதற்குச் சாட்சி, அவ்வளவே.

கதைக்காக விளையாடுபவர் ‘ஸ்ட்ரே’ வாங்குங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், பிசி எல்லாவற்றிலும் கிடைக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆடுவேன் என்று அடம்பிடித்தால் ‘லிட்டில் கிட்டி’. பிளேஸ்டேஷன் மட்டுமே வைத்திருப்பவர்கள் அதற்கு முன் ஸ்டோரில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். வெளியானபோது அது ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிசி மூன்றுக்கும்தான் வந்தது.