களியா சோறா: பெருங்குடலின் உள்தோலைக் கேட்டால்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராகிக் களியா, அரிசிச் சோறா என்பது பழைய பஞ்சாயத்து. சர்க்கரைக் கணக்கை விட்டுவிட்டு, பெருங்குடலின் உள்தோல் பக்கம் நின்று பார்க்கிறேன்.

அது ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான். சிறுகுடலில் உள்ள விரல் போன்ற நீட்சிகள் இங்கே கிடையாது. நம் ஊர் போர்வெல் மாதிரி நுண்குழிகள் மட்டும். குழியின் அடியில் தண்டுச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். புதிய செல்கள் மேலே ஏறும் வழியிலேயே சில நீரை உறிஞ்சும் செல்களாகவும், சில சளி சுரக்கும் கோப்பைச் செல்களாகவும் மாறிவிடும். விளிம்புக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். எல்லாம் சுமார் 5 நாளில்! ஒரு வாரச் சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் நடுவில் உள்தோலே புதுசு.

மேலே ஏறி முதிர்ந்த செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம். நார்ச்சத்தையும் செரிக்காத மாவுச்சத்தையும் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்துத் தருவது அது.

சரி, 100 கிராம் ராகி மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. களிக்கே என் ஓட்டு. ஆனால் ராகி நாரில் பெரும்பகுதி கரையாத வகை, எல்லாமே நொதிக்காது. களியிலும் அரிசி நொய் போட்டுத்தானே கிளறுகிறோம்!

சோற்றை ஆறவைத்தால் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். அதனால் பழைய சோறு அவ்வளவு மோசமில்லை. அப்புறம், நார்ச்சத்துள்ள கொள்ளுக் கடைசலோடு சோறு தின்பவர், வெறும் கறிக் குழம்பில் களியை முக்கி விழுங்குபவரிடம் அப்படியொன்றும் தோற்றுவிடமாட்டார்.